டவர் ஃபேன்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள்

தாம்பரம் பக்கம் ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் சீலிங் ஃபேனுக்குக் காயில் கட்டுவதுதான் முக்கால்வாசி வேலை. இப்போது பங்குனி பிறந்துவிட்டால் தூண் மாதிரி உயரமாகத் தரையில் நிற்கும் டவர் ஃபேன் வாரத்துக்கு நாலைந்தாவது மேசைக்கு வந்துவிடுகிறது. கொண்டு வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். எளியவை முதலில், பழுது பற்றியவை பின்னால். நேரம் இல்லாதவர்கள் 8-ஆம் கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அதைச் செய்திருந்தால் என் கடைக்கே வந்திருக்க வேண்டாத ஃபேன்கள் நிறைய.

1. "இதுல இறக்கையே தெரியலையே அண்ணே, காத்து எங்கேர்ந்து வருது?"

இறக்கை இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. உள்ளே நெட்டுக்குத்தாக ஓர் உருளை நிற்கிறது. அதன் சுற்றளவு முழுக்கச் சீப்புப் பல் மாதிரி மெல்லிய, வளைந்த தகடுகள். பெரும்பாலான மாடல்களில் அடியில் இருக்கும் மோட்டார் அந்த உருளையைச் சுற்றுகிறது. பின்பக்கச் சல்லடை வழியாக உள்ளே போகும் காற்று, உருளையைக் குறுக்கே கடந்து, முன்பக்கம் நீளமான பட்டையாக வெளியே வருகிறது. ஸ்பிளிட் ஏசிக்குள்ளே படுக்கைவாக்கில் சுற்றுவதும் இதே வகை உருளைதான். கடைப் பேச்சில் இரண்டுக்குமே பேர் 'புளோயர்'.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் மூக்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. கீழே சொல்லப்போகும் பல பதில்கள் அதிலிருந்து வருபவைதான்.

2. "சீலிங் ஃபேனைக் கழட்டிட்டு இது ஒண்ணு மட்டும் போட்டா போதுமா?"

போதாது. 1200 மில்லிமீட்டர் சீலிங் ஃபேன் ஒன்று நிமிடத்துக்கு 200 கன மீட்டருக்கு மேல் காற்றைத் தள்ளும். டவர் ஃபேன் அதன் பக்கத்தில்கூட வராது. அறை முழுக்கக் காற்றைப் புரட்டுவது சீலிங் ஃபேனின் வேலை. ஓர் ஆள் உட்காரும் இடத்துக்கோ படுக்கும் இடத்துக்கோ காற்றைக் கொண்டு சேர்ப்பது டவர் ஃபேனின் வேலை.

ஆனால் சீலிங் ஃபேன் மாட்ட முடியாத வீடுகள் நிறைய இருக்கின்றன. கொக்கி இல்லாத வாடகை அறை, தகரக் கொட்டகை, பரண் குறுக்கே வரும் சமையலறை ஓரம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் மேசை. அங்கெல்லாம் இது நல்ல துணை. இடத்தையும் அடைக்காது.

3. "கூலர்னு சொல்லித்தான் குடுத்தாங்க. தண்ணி எங்க ஊத்தறது?"

தண்ணீர்த் தொட்டியும், பின்னால் ஈரம் உறிஞ்சும் அட்டையும் இருந்தால்தான் அது டவர் கூலர். அவை இல்லையென்றால் வெறும் ஃபேன். அதில் எங்கேயும் தண்ணீர் ஊற்றக் கூடாது. பின்பக்கச் சல்லடையில் ஈரத்துணி கட்டுவதும் வேண்டாம். மூக்கைப் பொத்தியது போலாகும், சொட்டும் தண்ணீர் நேராக மோட்டாரில் இறங்கும்.

கூலர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: தண்ணீர் ஆவியாகும்போதுதான் அது குளிர்ச்சி தரும். வேலூர், திருச்சி போல வறண்ட வெயில் அடிக்கும் ஊரில் பலன் தெரியும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் காற்றே ஏற்கெனவே ஈரம். அங்கே கூலர் போட்டால் கசகசப்புத்தான் கூடும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வெறும் டவர் ஃபேனே மேல் என்பது என் கருத்து.

4. "வாங்கின அன்னைக்கு அடிச்ச காத்து வீட்டுல இல்லையே, எங்க வெச்சா நல்லா வரும்?"

முதலில் அதன் முதுகைப் பாருங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருப்பீர்கள், அல்லது பின்னால் திரைச்சீலையோ சோஃபாவோ இருக்கும். சுவருக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு முழம் இடம் விடுங்கள். அதிலேயே பாதிப் பேருக்குக் குறை தீர்ந்துவிடும்.

அடுத்தது தூரம். ஐந்து, ஆறு அடிக்குள் நீங்கள் இருக்க வேண்டும். ஹாலின் ஒரு மூலையில் வைத்துவிட்டு எதிர் மூலையில் உட்கார்ந்தால் சத்தம்தான் வந்து சேரும். பொழுது சாய்ந்து வெளியே குளிர்ந்த பிறகு, ஃபேனின் முதுகு ஜன்னலைப் பார்த்தபடி வையுங்கள். வெளிக்காற்றை இழுத்து உள்ளே கொடுக்கும். உச்சி வெயிலில் அதே ஜன்னலைச் சாத்தி, ஃபேனை உள்பக்கம் நகர்த்திவிடுங்கள். அடுப்புக்கு நேராகத் திருப்பி வைக்காதீர்கள். தீ அணைந்து கேஸ் கசியும். தாளிக்கிற புகை பின்னால் போய் உருளையில் பிசுக்காகப் படிந்தும்விடும்.

5. "கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?"

வீட்டு உபயோக டவர் ஃபேன்கள் பெரும்பாலும் 40 முதல் 60 வாட் வரை எடுக்கும். உங்களுடையது எவ்வளவு என்று பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். 50 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 8 மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள், 60 நாளுக்கு 24 யூனிட் ஆகிறது. பழைய 75 வாட் சீலிங் ஃபேன் அதே நேரத்துக்கு 36 யூனிட் எடுக்கும், மின்சாரம் குறைவாக எடுக்கும் 30 வாட் பிஎல்டிசி வகைச் சீலிங் ஃபேன் 14-க்குக் கொஞ்சம் மேல். வேகத்தைக் குறைத்தால் மின்சாரமும் குறையும், ஆனால் பாதி வேகத்துக்குப் பாதி என்ற கணக்கு இதில் வராது.

6. "ஏசி ஓடும்போது இதையும் போட்டா குளிர் வீணாப் போகாதா?"

வீணாகாது, மிச்சம்தான் ஆகும். ஏசியின் குளிர்காற்று கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். டவர் ஃபேன் தரையிலேயே நிற்பதால் அதை எடுத்துப் பரப்பும். ஏசியை 22-இல் வைக்கிறவர்கள், ஃபேனையும் சேர்த்து ஓட்டி 26 அல்லது 27-இல் வைத்துப் பாருங்கள். உடம்புக்கு அதே சுகம் இருக்கும். ஒரு டிகிரி கூட்டினால் ஏசியின் செலவில் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும் என்பது மத்திய எரிசக்தித் திறன் செயலகம் சொல்லும் கணக்கு. ஃபேனுக்கு ஆகும் 50 வாட் அதன் முன்னால் ஒன்றுமில்லை.

7. "கத்திரி வெயில்ல போட்டா அனலாத்தான் அடிக்குது. ஃபேன்ல கோளாறா?"

கோளாறு இல்லை. எந்த ஃபேனும் காற்றைக் குளிர்விப்பதில்லை. உடம்பின் மேல் இருக்கும் வியர்வையைச் சீக்கிரம் காய வைக்கிறது, அதனால் உடம்பு குளிர்கிறது. தோலின் சூடு 35 டிகிரியை ஒட்டி இருக்கும். அறையின் சூடு அதைத் தாண்டிவிட்டால் ஃபேன் கொண்டு வருவதும் சூட்டைத்தான், வியர்வை இருக்கும்வரை ஓரளவு தாங்கும். 40 டிகிரிக்கு மேல் ஃபேனை நம்ப வேண்டாம், அது உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

வயதானவர்களுக்கு வியர்வை குறைவு. அவர்களை மத்தியானம் மூடிய அறையில் படுக்க வைத்து, ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டுப் போனால் கடமை முடிந்தது என்று தயவு செய்து நினைக்காதீர்கள். கை, கால், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகு ஃபேன் போடுங்கள். அடிக்கடி குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். இருப்பதிலேயே சூடு குறைந்த அறைக்கு மாற்றுங்கள்.

8. "எத்தனை நாளைக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணணும்? எப்படி?"

கோடையில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை, மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறை. பஸ் போகிற சாலையோர வீடு, பக்கத்தில் கட்டட வேலை, வீட்டில் நாய் பூனை என்றால் வாரம் ஒரு முறை.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பின்பக்கச் சல்லடையை வேக்குவம் கிளீனரின் பிரஷ் வாயால் மேலிருந்து கீழாக இழுங்கள். வேக்குவம் இல்லாதவர்கள் உலர்ந்த பெயின்ட் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம், ஒரு அங்குல அகலம் போதும். ஃபேனை வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துப் போய்த் தட்டினால் தூசி வீட்டுக்குள் பறக்காது. பின்பக்கம் முடித்த பிறகு முன்பக்கம். கடைசியில் பிழிந்த ஈரத்துணியால் ஃபேனின் வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள். சல்லடைக்குள் எதையும் ஸ்பிரே அடிக்காதீர்கள்.

போன சித்திரையில் ஓர் அம்மா தன் ஃபேனை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். காற்றே இல்லை, தொட்டால் அடிப்பாகம் கொதிக்கிறது. வாங்கி மூன்று வருஷம், ஒரு நாள்கூடப் பின்பக்கம் துடைத்ததில்லை. மூடியைக் கழற்றியதும் உள்ளே சாம்பல் நிறத்தில் கம்பளி விரித்தது போலத் தூசிப் படலம். விரலால் ஓரத்தை நெம்பி இழுத்தேன், சல்லடையின் கட்டம் கட்டமான அச்சோடு ஒரே துண்டாகக் கையோடு வந்தது. அதில் தலைமுடி, வாழைநார், காய்ந்த மல்லிகை இதழ், பாதி எரிந்த ஊதுவத்திச் சாம்பல் எல்லாம் இருந்தன. பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் நின்ற ஃபேன் என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. பாகம் எதையும் மாற்றவில்லை. சுத்தம் செய்து எண்ணெய் விட்டதும் கடைக் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது.

9. "வெளிய துடைச்சிட்டேன், ஆனா உருளையில அழுக்கு அப்படியே இருக்கு. நானே பிரிக்கலாமா?"

வாரன்டி காலம் முடியவில்லையென்றால் பிரிக்க வேண்டாம், சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். முடிந்துவிட்டதென்றால், ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகிய கை செய்யலாம். பின்மூடியை ஆறிலிருந்து பத்து ஸ்க்ரூ வரை பிடித்திருக்கும். சில மாடலில் ஸ்டிக்கருக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை. கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் குத்தி வையுங்கள், ஒயர் போகிற வழியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடி வந்த பிறகு உருளையை விரலால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பிரஷ்ஷால் தகட்டுக்குத் தகடு தள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி போதும். தகடு ஏதாவதொன்றில் சின்ன உலோகக் கிளிப் செருகியிருந்தால் அழுக்கு என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். உருளை ஆடாமல் சுற்றுவதற்காகக் கம்பெனியில் வைத்த எடை அது. பிடுங்கினால் ஃபேன் முழுக்க அதிரும், திரும்ப அதே இடம் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்று அடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அடிக்கலாம், ஆனால் உருளையை ஒரு குச்சியால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, தள்ளி நின்று அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் உருளை அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றித் தகடு உடையும், சுழலும் தண்டைத் தாங்கும் 'புஷ்' என்ற வளையம் தேயும்.

10. "தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டா சத்தம் போயிடும்னு பாட்டி சொல்றாங்க."

போகும், பத்து நாளைக்கு. அதன் பிறகு முன்பைவிட மோசமாகும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். உறையாத காலத்திலும் சூடு பட்டுப் பட்டுக் கெட்டியாகி, தூசியோடு சேர்ந்து கோந்து மாதிரி ஆகிவிடும். சமையல் எண்ணெய் எல்லாமே அப்படித்தான். துரு நீக்கும் ஸ்பிரேவும் வேண்டாம். அது இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிட்டு ஆவியாகிவிடும்.

தையல் மிஷின் எண்ணெய் வாங்குங்கள், சின்ன புட்டி வருஷக்கணக்கில் வரும். விட வேண்டிய இடங்கள் இரண்டு. மோட்டார் சாஃப்ட் (சுழலும் தண்டு) வெளியே வரும் புஷ், உருளையின் மறுமுனையில் ரப்பர் கிண்ணத்துக்குள் உட்காரும் சின்ன ஊசி. இடத்துக்கு இரண்டு சொட்டு. ரப்பர் மேல் வழிந்தால் துடைத்துவிடுங்கள், எண்ணெய் ஊறினால் ரப்பர் உப்பிவிடும்.

11. "சத்தம் வருதுங்க."

என்ன சத்தம் என்று கேட்டால்தான் இடம் தெரியும். 'கிரீச்' என்றால் புஷ்ஷில் எண்ணெய் வற்றிவிட்டது, மேலே சொன்ன இரண்டு சொட்டு. 'சரசர' என்றால் காகிதமோ இலையோ உருளையில் மாட்டியிருக்கிறது. தலையை ஆட்டும்போது மட்டும் 'டிக் டிக்' என்றால் ஸ்விங் பாகம் (14-ஆம் கேள்வி). தொடர்ந்து 'கடகட' என்று வந்தால் உருளையும் மோட்டார் சாஃப்டும் சேரும் இடத்தில் இருக்கும் குட்டி ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். அதை இறுக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் சாஃப்ட் உருளையின் துளையை அகலமாக்கிவிடும், பிறகு உருளையையே மாற்ற வேண்டியதுதான். வேகம் கூட்டும்போது மொத்த ஃபேனும் அதிர்ந்தால், ஃபேனை மட்டமான தரைக்கு மாற்றிப் பாருங்கள். மொசைக் தரையில் ஒரு கால் தூக்கி நின்றாலே அந்தச் சத்தம் வரும்.

12. "நேரா நிக்க மாட்டேங்குது, தொட்டா சாயுது. குழந்தை இழுத்துட்டா?"

அடித்தட்டு இரண்டு பாதியாக வரும். நடுவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் நட்டோ நாலு ஸ்க்ரூவோ இருக்கும். டெலிவரி செய்த பையன் அவசரத்தில் பாதி இறுக்கிவிட்டுப் போயிருப்பார். ஃபேனைக் கட்டிலில் படுக்க வைத்து, அடியைப் பார்த்து முழுக்க இறுக்குங்கள். மெயின் ஒயர் அதற்கான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே பிதுங்கியிருந்தால் தட்டு மட்டமாக உட்காராது, ஒயரும் நசுங்கும்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஃபேனை அறை மூலையில், ஒயர் கைக்கு எட்டாதபடி வையுங்கள். பெரும்பாலான மாடல்களில் சல்லடை இடுக்கில் விரல் போகாது. ஆனால் பின்பக்கம் தலைமுடியையும் முந்தானையையும் இழுக்கும். தலையை விரித்துக் காய வைக்கும் பெண்கள் முன்பக்கமாகவே உட்காருங்கள்.

13. "ரிமோட் வேலை செய்யல. ஃபேன் போர்டு போயிடுச்சா?"

போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டி, பட்டனை அழுத்துங்கள். திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஒரு புள்ளி மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. பின் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். மின்னவே இல்லையென்றால் பேட்டரியை மாற்றுங்கள். மின்னியும் ஃபேன் கேட்கவில்லையென்றால், ஜன்னல் வெயில் நேராக ஃபேன் முகத்தில் விழுகிறதா பாருங்கள், அதுவும் சிக்னலைக் கெடுக்கும்.

நிறைய ரிமோட்டில் பொத்தான் மாதிரி வட்ட பேட்டரி. சிஆர் 2025, சிஆர் 2032 என்று எழுதியிருக்கும். இரண்டின் தடிமனும் வேறு, ஒன்றுக்கு இன்னொன்றைத் திணிக்காதீர்கள். மாற்றி எடுத்த பழைய பேட்டரியை மேசையில் போடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பழையதை இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி எட்டாத உயரத்தில் வையுங்கள்.

14. "தலையை ஆட்டறது நின்னு போச்சு, காத்து மட்டும் வருது."

ஆட்டுவதற்குத் தனியாக ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது, பெரும்பாலும் அடித்தட்டுக்குள். பிஸ்கட் வட்டத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும். அது கெட்டால் மாற்றுவது எளிது, செலவும் அதிகம் இல்லை. அது கெடுவதற்குப் பொதுவான காரணம், ஆடிக்கொண்டிருக்கும்போது ஃபேனைக் கையால் பிடித்து வேறு பக்கம் திருப்புவது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் உடைந்துவிடும். ஸ்விங்கை அணைத்துவிட்டு, ஃபேனை அடித்தட்டோடு தூக்கித் திருப்பி வையுங்கள்.

15. "ராத்திரி கரண்ட் போய் வந்தா ஃபேன் தானா ஓட மாட்டேங்குது."

பட்டனும் ரிமோட்டும் உள்ள பல மாடல்கள் அப்படித்தான். மின்சாரம் திரும்பியதும் அணைந்த நிலையிலேயே நிற்கும், ஒருவர் எழுந்து போட வேண்டும். திருகு சுவிட்ச் உள்ள மாடல் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

வாங்கும்போது இதை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு வாங்குவதென்றால், ரிமோட், டிஸ்ப்ளே எதையும் பார்க்காமல் திருகு சுவிட்ச் மாடலையே கேட்டு வாங்குங்கள். நடு இரவில் ஃபேன் நின்றால் அவரால் எழுந்து போட முடியாது.

16. "இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் 'ங்ங்'னு முனகுது."

உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. அதிலிருந்து வரும் மின்சாரம் மோட்டாருக்கு ஒத்துப்போவதில்லை. முனகல் வரும், மோட்டார் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஓட்டுவதால் ஒன்றும் ஆகாது. அடிக்கடி மின்வெட்டு உள்ள ஊரில், அடுத்த முறை சைன் வேவ் இன்வெர்ட்டராக வாங்குங்கள். சீலிங் ஃபேனின் முனகலும் அதோடு போகும்.

இதையொட்டி இன்னொன்று: டவர் ஃபேனைச் சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் உள்ள பாயின்ட்டில் கொடுத்து வேகம் குறைக்கப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் போர்டு போய்விடும்.

17. "கையால சுத்திவிட்டா ஓடுது, தானா கிளம்ப மாட்டேங்குது. இப்படியே ஓட்டலாமா?"

ஓட்டக் கூடாது. இது பெரும்பாலும் கண்டென்சர் பலவீனமாவதன் அடையாளம். மோட்டாருக்கு முதல் உந்துதலைக் கொடுப்பது அதுதான். கிளம்பாமல் முனகிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் காயில் சூடாகிறது. சின்னச் செலவில் முடிய வேண்டியது காயில் கருகும்வரை போய்விடும்.

மாற்றும்போது பழைய கண்டென்சர் மேல் அச்சடித்த மைக்ரோ ஃபாரட் எண்ணைப் பார்த்து அதே அளவு போட வேண்டும். பெரியது போட்டால் வேகமாக ஓடும் என்று சிலர் போட்டுக் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாள் வேகம் தெரியும், காயில் சீக்கிரம் போகும். வீட்டில் மாற்றுகிறவர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர் முனைகளை வெறுங்கையால் தொடாதீர்கள், சார்ஜ் மிச்சம் இருக்கும். கண்டென்சர் மாற்றியும் மந்தமாகவே கிளம்பினால் 8-ஆம், 10-ஆம் பதில்களுக்குத் திரும்பிப் போங்கள். புஷ் இறுகியிருக்கும்.

18. "ஓடிக்கிட்டே இருந்தது, திடீர்னு நின்னுபோச்சு. லைட்டும் எரியல."

முதலில் வேறு பிளக் பாயின்டில் போட்டுப் பாருங்கள், இதைச் செய்யாமலே ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அடுத்து, ஒயர் ஃபேனுக்குள் நுழையும் இடத்தில் மடங்கி அறுந்திருக்கிறதா பாருங்கள். லைட் எரிகிறது, உருளை மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டார் காயிலுக்குள் இருக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கலாம். மோட்டார் அளவு மீறிச் சூடானால், தீப்பிடிக்காமல் காப்பதற்காகத் தன்னையே அறுத்துக்கொள்ளும் பாகம் அது. ஒரு முறை போனால் திரும்பாது, அதே டிகிரி, அதே ஆம்பியர் உள்ளதாகப் பார்த்து மாற்ற வேண்டும்.

அதை எடுத்துவிட்டு ஒயரை நேராக முறுக்கிக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படி யார் செய்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஃபேன் ஓடும், ஆனால் அடுத்த முறை மோட்டார் சூடாகும்போது நிறுத்த ஆள் இருக்காது. நீங்கள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். ஃபியூஸ் ஏன் போனது என்பதையும் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் முக்கால்வாசி நேரம் காரணம் பின்பக்கத்துத் தூசி.

19. "மாப் போடும்போது தண்ணி உள்ள போயிடுச்சு, இப்ப தொட்டா 'ஜிவ்வு'னு இருக்கு."

இனி தொடாதீர்கள். காலில் செருப்போடு, உலர்ந்த கையால் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சே ஈரமாக இருந்தால் மெயினை அணையுங்கள். ஃபேனைக் காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் நிறுத்துங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளையும். பிறகும் நேராகப் போடாமல், ஒரு எலக்ட்ரீஷியனிடம் மோட்டார் கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பின் ஓட்டுங்கள். தண்ணீரே படாத ஃபேனில் அந்த ஜிவ்வு வந்தால் வீட்டின் எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

20. "பிணவாடை மாதிரி ஒரு நாத்தம். மோட்டார் கருகிடுச்சா?"

மோட்டார் கருகினால் வார்னிஷ் எரிந்த காரமான வாடை வரும், அது மூக்கைக் குத்தும். அழுகல் வாடை என்றால் உள்ளே பல்லி செத்திருக்கிறது. இரவில் பூச்சி தேடி, சூடு தேடி, அடித்தட்டு வழியாக ஏறும். பிரித்து எடுத்து, டெட்டால் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். போர்டின் மேல் கிடந்திருந்தால் சர்வீஸில் காட்டுங்கள். கருகிய வாடை என்றால் அந்த நிமிடமே பிளக்கைப் பிடுங்குங்கள், "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" வேண்டாம்.

21. "மழைக்காலத்துல மூட்டை கட்டி பரண்ல போடலாமா?"

சுத்தம் செய்த பிறகு போடலாம். தூசியோடு போட்டால் ஐப்பசி ஈரத்தில் அது உருளையில் ஒட்டிக் காய்ந்துவிடும். பழைய தலையணை உறைகளை ஒன்றோடொன்று தைத்து மேலிருந்து மாட்டுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாகவே வையுங்கள். ரிமோட் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மாதம் ஒரு முறை இறக்கிப் பத்து நிமிடம் ஓட விட்டால் புஷ் இறுகாது.

22. "காயில் போச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குன்னு சொல்லிட்டாங்க. நம்பலாமா?"

மூன்றைச் சோதித்தார்களா என்று கேளுங்கள்: கண்டென்சர், தெர்மல் ஃபியூஸ், புஷ். மூன்றையும் மீட்டர் வைத்தும் கையால் சுற்றியும் பார்த்த பிறகு காயில் என்று சொன்னால் நம்பலாம். கருகிய காயிலைக் கண்ணாலேயே பார்க்கலாம், செம்பு நிறம் போய்க் கறுத்திருக்கும். காட்டச் சொல்லுங்கள், நேர்மையான கடைக்காரர் காட்டுவார். டவர் ஃபேன் மோட்டார் சின்னது, கட்டுவதற்கு நேரம் பிடிக்கும். எனவே மோட்டாரையே மாற்றுவது பல நேரம் மலிவு. கூலியும் பாகமும் சேர்த்துப் புது விலையில் பாதியைத் தாண்டினால் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். உருளை உடைந்திருந்தாலும் அப்படித்தான், பல மாடலுக்கு அது தனியாகக் கிடைப்பதில்லை.

தூக்கிப் போடுவதென்று முடிவானால் குப்பைத் தொட்டியில் போடாமல் பழுது பார்க்கும் கடை எதிலாவது கொடுங்கள். ரிமோட், ஸ்விங் மோட்டார், உருளையின் மேல்முனை ரப்பர் கிண்ணம் மூன்றும் நன்றாக இருந்தால் நான் தனியாகக் கழற்றி, மாடல் எண் எழுதிய தீப்பெட்டி அளவு டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் அப்படி எடுத்து வைத்த ஒரு ரப்பர் கிண்ணம்தான், கம்பெனி நிறுத்திவிட்ட ஒரு மாடலைத் திரும்ப ஓட வைத்தது.